தண்ணீரில் முறியாத கோல் கரையில் முறிவது ஏன்?

சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் போகும் மின்ரயில் பட்டாபிராமை விட்டால் நெமிலிச்சேரியில் நிற்கும், அடுத்தது திருநின்றவூர். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை, சி.டி.எச். ரோடு எனப்படும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையைச் சந்திப்பதும் நெமிலிச்சேரியில்தான். வீட்டுமனைகள் பெருகிவிட்டாலும் சென்னையின் மேற்குப் புறநகர் இன்னும் ஏரிகளின் நாடுதான். வடக்கே திருநின்றவூர் ஏரி, தெற்கே செம்பரம்பாக்கம், நடுவே சிறிதும் பெரிதுமாகப் பல. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை நிரம்பிவிட்டால் கரைகளிலும் மதகுகளின் பக்கத்திலும் தூண்டிலோடு ஆட்கள் நிற்கத் தொடங்குவார்கள். ஒரு மூங்கில் கழி, அதன் நுனியில் கட்டிய நைலான் நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள். கெண்டைக்கும் ஜிலேபிக்கும் மண்புழு. விராலுக்குப் பொடிமீனோ சின்னத் தவளையோ. இளைஞர்கள் சிலரிடம் ரீல் மாட்டிய கார்பன் ராடும் இருக்கும்.

எந்தக் கோலாக இருந்தாலும் அது முறிகிற இடமும் நேரமும் பெரும்பாலும் ஒன்றே. மீன் ஆழத்தில் திமிறும்போது கோல் தாங்கிக்கொள்கிறது. மீன் களைத்துக் கரைக்குப் பக்கத்தில் வந்து, பிடித்தவர் மகிழ்ச்சியில் வெடுக்கென்று மேலே தூக்கும்போது படீரென்று முறிகிறது. இது தற்செயல் இல்லை. ஒரு தூண்டிற்கோலின் பலத்தை எப்படி அளக்க வேண்டும் என்ற கேள்விக்கான பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது.

மீனுக்குத் தண்ணீருக்குள் எடை இல்லை என்றே சொல்லிவிடலாம். காற்றுப்பையின் உதவியால் அது தன்னைச் சுற்றியுள்ள நீரின் அடர்த்திக்குச் சமமாக நிற்கிறது. அப்போது கோல் தாங்குவது மீனின் எடையை அல்ல, அதன் இழுவையை மட்டும்தான். 1946இல் கபினி ஆற்றில் மைசூரைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் பிடித்த மஹசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. தூண்டிலில் அகப்பட்ட மஹசீர்களில் இன்றும் பேசப்படுவது அதுதான். அத்தனை எடையையும் தூக்கி நிறுத்தும் தூண்டிற்கோலை எவரும் செய்ததில்லை, செய்யத் தேவையும் இல்லை. ஆற்றில் மீனைச் சுமந்தது தண்ணீர். கோல் செய்தது அதைக் களைக்க வைக்கும் வேலை.

நெமிலிச்சேரிக் கரையில் இரண்டு கிலோ விராலைக் கோலாலேயே தூக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. மீன் நீரைவிட்டு வெளியே வந்த நொடியில் முழு இரண்டு கிலோவும் நுனியில் தொங்குகிறது. மெதுவாக ஏற்றிய சுமையைவிடத் திடீரென்று விழும் சுமை இருமடங்கு வளைவை உண்டாக்கும் என்பது கட்டமைப்புப் பொறியியலின் பழைய கணக்கு. ஆக, வெடுக்கென்று தூக்கிய இரண்டு கிலோ, கோலுக்கு நான்கு கிலோ. மீன் அந்தரத்தில் துள்ளினால் இன்னும் கூடும்.

கோல் ஒரு நெம்புகோல்தான். ஆனால் கடப்பாரையைப் போலப் பிடித்தவருக்குச் சாதகமான நெம்புகோல் அல்ல, மீனுக்குச் சாதகமானது. மூன்று மீட்டர் கோலை இரண்டு கையாலும், கைகளுக்கிடையே 30 சென்டிமீட்டர் விட்டு, கிடைமட்டமாகப் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நுனியில் ஒரு கிலோ தொங்கினால் அடிக்கை 9 கிலோ விசையோடு கீழே அழுத்த வேண்டும், மேல்கை 10 கிலோவைத் தாங்க வேண்டும். மீன் சின்னதாக இருந்தும் கை வலிப்பதற்குக் காரணம் இது. கோல் வளைந்து கொடுத்தால் நுனி கையை நோக்கி நெருங்கி வரும். மேல்கையிலிருந்து நுனி 2.7 மீட்டரில் இருந்து 1.2 மீட்டருக்கு வந்துவிட்டால் அடிக்கையின் பாரம் 9 கிலோவிலிருந்து 4 கிலோவாகக் குறைகிறது. வளைவது கோலின் பலவீனம் அல்ல. தன்மேல் விழும் பாரத்தை அது தானே குறைத்துக்கொள்ளும் வழி.

இதனால்தான் ‘பலமான கோல்’ என்ற பேச்சு அறிவியலில் அப்படியே செல்லுபடியாவதில்லை. அதற்குள் மூன்று வெவ்வேறு கேள்விகள் இருக்கின்றன. இவ்வளவு சுமைக்கு எவ்வளவு வளையும் என்பது விறைப்பு. எந்தச் சுமையில் முறியும் என்பது வலிமை. எத்தனை முறை வளைத்தாலும், எத்தனை வெயிலும் மழையும் கண்டாலும் முதல் நாள் போலவே இருக்குமா என்பது உழைப்பு. விறைப்பான கோல் எளிதில் முறியலாம். தொளதொளவென்று வளையும் கோல் பல ஆண்டு உழைக்கலாம். கடையில் கோலை வாங்குபவர் கூரையில் நுனியை அழுத்திப் பார்த்துவிட்டு, “நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு” என்று சொல்லும்போது அவர் சோதித்தது முதல் கேள்வியை மட்டுமே.

இரண்டாவது கேள்விக்குள் நுழைய ஓர் எளிய சூத்திரம் போதும். ஒரு கழியை வளைத்தால் வெளிவளைவின் மேற்பரப்பு நீள்கிறது, உள்வளைவின் மேற்பரப்பு சுருங்குகிறது. அந்த நீட்சியின் விகிதம், கழியின் பாதித் தடிமனை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள அடிப்பகுதியை 40 சென்டிமீட்டர் ஆரத்துக்கு வளைத்தால் மேற்பரப்பு 1.5 சதவீதம் நீளும். இரண்டு மில்லிமீட்டர் நுனி அதே 1.5 சதவீதத்தை எட்ட, ஏழு சென்டிமீட்டருக்கும் குறைந்த ஆரத்துக்குச் சுருள வேண்டும். நுனி மெலிந்தும் அடி பருத்தும் இருக்கும் கோலில், நுனி இறுக்கமாகவும் அடி அகலமாகவும் வளைந்து, பாரம் நீளம் முழுவதும் ஏறக்குறைய சமமாகப் பங்கிடப்படுகிறது. அழகுக்காக யாரும் கோலைக் கூராக்கவில்லை.

கரையில் நிற்பவர் மீனை அருகில் இழுக்கக் கோலைத் தலைக்கு மேலே, ஏன், முதுகுப்பக்கமே சாய்த்துத் தூக்கும்போது இந்தப் பங்கீடு குலைந்துவிடுகிறது. நரம்பு கோலுக்கு இணையாகக் கீழே இறங்குவதால் அடிப்பகுதி வேலையே செய்யாமல் நிற்க, முழு வளைவும் நுனிப்பக்கத்துச் சிறு துண்டில் குவிகிறது. அந்த இடத்தின் ஆரம் சுருங்கச் சுருங்க நீட்சி எகிறுகிறது. கோல் பழுதடைந்த பொருளாக இருக்க வேண்டியதே இல்லை. புத்தம் புதிய கோலும் இப்படி முறியும்.

மூங்கிலின் கதைக்கு வருவோம். உலகத்தின் ஃப்ளை தூண்டில் வரலாற்றில் இந்தியாவுக்கு ஓர் இடம் உண்டு; அது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. ஃப்ளை தூண்டிலில் இரையாக முள்ளில் கட்டும் இறகும் நூலும் ஈயைப் போல இருக்கும், எடை கிட்டத்தட்ட இல்லை. எடை இருப்பது தடித்த தூண்டில் கயிற்றில்தான். சாட்டையைப் போல முன்னும் பின்னும் வீசி அந்தக் கயிற்றைப் பறக்கவிட வேண்டும். ஆகவே மீன் மாட்டாத நேரத்திலும் கோல் இடைவிடாமல் வளைந்து நிமிர்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதற்கென மூங்கிலைப் பிளந்து, பட்டைகளாகச் சீவி, ஒட்டிக் கோல் செய்யத் தொடங்கினார்கள். பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் சாமுவேல் பிலிப்பி 1840களில் இப்படிச் செய்தார். 1870களில் ஹைரம் லெனர்டின் பட்டறை ஆறு பட்டைகளை ஒட்டிய அறுகோணக் கோலை நிலைநாட்டியது. அந்தக் காலத்துக் கோல்களுக்கு மூங்கில் கப்பலேறிய துறைமுகம் கல்கத்தா. வணிகத்தில் அதன் பெயரே ‘கல்கத்தா கேன்’.

அது பெரும்பாலும் நம் ஊர்க் கல்மூங்கில்தான் என்று கருதப்படுகிறது. தாவரவியல் பெயர் டென்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ். தமிழகத்தின் வறண்ட மலைக்காடுகளிலும் வளரும். உள்துளை குறுகி, சில சமயம் துளையே இல்லாமல் கெட்டியாக இருக்கும். போலீஸ் லத்திக்கு இந்த மூங்கிலைத் தேடியதும் அதற்காகத்தான்.

மூங்கிலின் குறுக்குவெட்டை ஈரம் போகத் தேய்த்து, கையில் பிடித்து உற்றுப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் நீளவாக்கில் ஓடும் ஒரு நார்க்கற்றை. பச்சைத் தோலை ஒட்டி அவை நெருக்கியடித்துக் கறுப்பாகத் தெரியும். உள்பக்கம் போகப் போக விலகி, நடுவே வெளிறிய சோறு போன்ற திசு மிஞ்சும். வெளியோரத்தில் நார் ஏறக்குறைய 60 சதவீதம், உள்ளோரத்தில் 10 முதல் 15 சதவீதம். வளைக்கும்போது அதிக நீட்சி தாங்குவது மேற்பரப்பு என்று மேலே பார்த்தோம். எங்கே பாரம் அதிகமோ அங்கேயே நாரைக் குவித்திருக்கிறது மூங்கில். பிளந்து செய்யும் கோலிலும் தோல்பக்கம் வெளியே வரும்படிதான் பட்டைகளை முக்கோணமாகச் சீவி ஒட்டுகிறார்கள். உள்சோறு முழுவதும் சீவலாகப் போய்விடும். தோலைச் சற்றே தேய்த்துவிட்டாலும் கோலின் உயிர் போன மாதிரி என்பது அந்தக் கைவினைஞர்களின் முதல் பாடம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா மூங்கிலின் இடத்தைத் தென் சீனாவின் ‘டோங்கின்’ மூங்கில் பிடித்தது. நேரான கழி, கணுக்களுக்கிடையே நீண்ட இடைவெளி, வெளியோரத்தில் தடித்த நார் அடுக்கு. கணு ஒவ்வொன்றும் நார் வளைந்து செல்லும் இடம் என்பதால், கணு குறைந்தால் பலவீனமும் குறையும். அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிலாய்ட் மெக்ளூர் 1931இல் அதற்குப் பெயரிட்டார். நியூயார்க் பகுதியில் எவரெட் காரிசன் என்ற பொறியாளர், பாலத்துக்கும் கட்டடத்துக்கும் போடும் தகைவுக் கணக்கைத் தூண்டிற்கோலுக்குப் போட்டார். நுனியிலிருந்து ஒவ்வொரு 5 அங்குலத்திலும் எவ்வளவு பாரம் வருகிறது, அங்கே எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ப அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் மூங்கிலைச் சீவினார். அதுவரை கைப்பழக்கத்தில் இருந்த ஒரு கலை, வரைபடத்தாளில் ஏறியது அப்போதுதான். தூண்டில் வரலாற்றில் இவருக்குக் கிடைத்த மரியாதை இன்னும் போதாது என்றே சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரியான ஹென்ரி சல்லிவன் தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ நூலை எழுதினார். 1887இல் அவர் எழுதிய ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ முழுக்க ஏரி, குளத்து மீன்பிடிப்பு பற்றியது. நீலகிரியில் டிரவுட் மீனைக் கொண்டுவர மீனியல் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே 1863இல் முயன்று தோற்றார். 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்த பிறகே அந்த மீன் மலையோடைகளில் நிலைத்தது. தமிழ்நாட்டில் ஃப்ளை தூண்டில் வேர்பிடித்தது அங்கேதான்.

மூங்கிலுக்குப் போட்டி கண்ணாடியிலிருந்து வந்தது. ஜன்னல் கண்ணாடி சட்டென்று உடைகிறதே, அதைக்கொண்டு எப்படிக் கோல் செய்ய முடியும்? இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் இருந்த ஏ. ஏ. கிரிஃபித் இதற்கு விடை கண்டார். கண்ணாடியை மிக மெல்லிய இழையாக இழுத்தால் அதன் வலிமை பல மடங்கு கூடுகிறது என்று 1920களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். இழை மெலிய மெலியப் பெரிய கீறலுக்கு இடம் இல்லாமல் போகிறது. 1940களில் ஆர்தர் ஹாவால்ட் என்ற அமெரிக்கர், முறிந்துபோன தன் மூங்கில் கோலின் நுனிக்குப் பதிலாகக் கண்ணாடி இழையைப் பிசினில் பதித்து நுனி செய்தார். அதிலிருந்து ஷேக்ஸ்பியர் நிறுவனத்தின் கண்ணாடி இழைக் கோல் பிறந்தது. 1950இல் அமெரிக்கா சீனப் பொருள்களுக்குத் தடை போட்டதும் டோங்கின் மூங்கில் வரத்து நின்றது. கண்ணாடி இழை சந்தையை எடுத்துக்கொண்டது.

அதே ஃபார்ன்பரோவில்தான் 1963இல் வலிமை மிக்க கார்பன் இழையும் உருவானது. பத்து ஆண்டு கழித்து, 1973இல், ஃபென்விக் நிறுவனம் கார்பன் கோலைக் கடைக்குக் கொண்டுவந்தது.

மூன்றையும் ஒப்பிட்டால் ஓர் ஆச்சரியம். தோராயமாக, நாரின் போக்கில் மூங்கிலின் விறைப்பு 15 கிகாபாஸ்கல், கண்ணாடி இழைக் கூட்டுப்பொருளின் விறைப்பு 40, கார்பன் கூட்டுப்பொருளின் விறைப்பு 130. ஆனால் கண்ணாடிக் கூட்டுப்பொருள் மூங்கிலைவிட மூன்று மடங்கு கனம். எடைக்கு எடை பார்த்தால் மூங்கிலும் கண்ணாடி இழையும் ஏறக்குறைய சமம்! கார்பன் மட்டுமே இரண்டையும் நான்கு மடங்கு தாண்டி நிற்கிறது. கார்பன் கோல் கையில் இறகாகத் தெரிவதன் காரணம் அது.

விறைப்பில் முந்திய கார்பன், நீட்சியில் பின்தங்குகிறது. சாதாரண வகை கார்பன் இழை சுமார் 1.5 சதவீதம் நீண்டதும் அறுந்துவிடும். விறைப்பு கூடிய உயர்ரக இழைகளில் சில ஒரு சதவீதத்தைக்கூடத் தாண்டுவதில்லை. கண்ணாடி இழையோ நான்கு சதவீதத்துக்கும் மேல் தாங்கும். விளம்பரத்தில் ‘ஹை மாடுலஸ்’ (உயர் விறைப்பு) என்று பெருமையாகப் போட்டிருக்கும் ராடு, கவனக்குறைவை மன்னிக்காத ராடு. முதல் கோல் வாங்குபவருக்கும் கரையில் ஓடியாடும் பிள்ளைகளுக்கும் கண்ணாடி இழைக் கோலே ஏற்றது.

கார்பன் கோலுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எடையைக் குறைக்க அதன் சுவரை மெல்லிய குழாயாகச் செய்கிறார்கள். இளநீர்க் கடையில் கொடுக்கும் ஸ்ட்ராவை மெல்ல வளைத்தால் முதலில் அதன் வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகும்; பிறகு திடீரென்று ஓரிடத்தில் மடியும். மெல்லிய குழாயும் அப்படித்தான். இந்த நசுங்கலின் கணிதத்தை 1927இல் பிரேசியர் என்ற ஆய்வாளர் எழுதினார். வட்டம் தட்டையாகும்போது அதன் விறைப்பு குறைகிறது, குறைந்ததால் இன்னும் வளைகிறது, வளைந்ததால் இன்னும் தட்டையாகிறது. இதைத் தடுக்கவே நல்ல கோல்களில் நீளவாக்கு இழைகளுக்கு அடியில், பீப்பாய்க்கு வளையம் போடுவது போன்ற குறுக்குச் சுற்றும் வைக்கிறார்கள். அந்தச் சுற்றை மிச்சம் பிடித்த மலிவுக் கோலை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

சோதனை என்றதும் பெரிய ஆய்வகம் நினைவுக்கு வரலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் யு.டி.எம். என்றால் என்னவென்று பலருக்கும் தெரியும். கம்பியை, போல்ட்டை, வார்ப்பை இழுத்தும் வளைத்தும் பார்க்கும் எந்திரம். உருண்டை மூங்கிலைச் சோதிக்க ஐ.எஸ். 6874 என்ற இந்தியத் தரமும் இருக்கிறது. ஆனால் அது கட்டுமான மூங்கிலுக்கானது. தூண்டிற்கோலின் விறைப்பை அளக்க வீட்டுத் திண்ணையே போதும்.

அமெரிக்கரான வில்லியம் ஹானமன் 2000களின் தொடக்கத்தில் வகுத்த ‘காமன் சென்ட்ஸ்’ முறை, ஒரு சென்ட் நாணயத்தையே படிக்கல்லாக்கியது. புதிய சென்ட்கள் ஒவ்வொன்றும் 2.5 கிராம். கோலின் அடியைக் கிடைமட்டமாகப் பொருத்தி, நுனியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு நுனி இறங்கும்வரை நாணயம் போட வேண்டும். அந்த எண்ணிக்கையே கோலின் சக்தி. அதுவரை ஒவ்வொரு நிறுவனமும் தன் கோலுக்குத் தானே ஓர் எண் போட்டுக்கொண்டிருந்தது. இந்த முறையில் யாரும் யார் கோலையும் அளந்து சொல்லலாம். பத்தாயிரம் ரூபாய் ராடையும் மூங்கில் கழியையும் ஒரே அளவுகோலில் நிறுத்தும் இந்த எளிமை பாராட்டத்தக்கது.

நெமிலிச்சேரியில் இதைச் செய்ய பத்து ரூபாய் நாணயம் வசதி. ஒன்று சுமார் 7.7 கிராம், பத்து நாணயம் 77 கிராம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் வேண்டாம். அவை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு எடையில் அச்சிடப்பட்டவை. கோலின் அடியை மேசை விளிம்பில் துணி சுற்றி இரண்டு இடத்தில் இறுகக் கட்ட வேண்டும். கட்டு தளர்ந்தால் அளப்பது மேசையின் ஆட்டத்தைத்தான். நுனிக்குப் பின்னால் சுவரில் ஓர் அளவுநாடாவைச் செங்குத்தாக ஒட்டி, வெறும் கோலின் நுனி நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறிக்க வேண்டும். மூன்று மீட்டர் கோல் என்றால் அந்தக் குறியிலிருந்து ஒரு மீட்டர் கீழே இன்னொரு குறி. பிறகு தபால் உறை அளவுப் பிளாஸ்டிக் பையை நூலில் தொங்கவிட்டு, நாணயங்களை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எறியக் கூடாது; திடீர்ச் சுமைக்கு இருமடங்கு வளைவு என்பதை மறக்கக் கூடாது.

எண்ணிக்கையோடு வளைவின் வடிவத்தையும் செல்போனில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்துக்கொள்வது நல்லது. நுனிமட்டும் வளைந்து அடி நேராக இருந்தால் அது வேகமான கோல். கைப்பிடி வரை வளைந்தால் மெதுவான கோல். ஓரிடத்தில் மட்டும் வளைவு திடீரென்று கூர்மையானால் அங்கே உள்காயம் இருக்கிறது என்று பொருள். நாணயங்களை எடுத்த பின் நுனி பழைய குறிக்குத் திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். மூங்கில் சில மில்லிமீட்டர் கீழே நின்றுவிடும். கைவினைஞர்கள் கோல் ‘செட்’ ஆகிவிட்டது என்பது இதைத்தான்.

முறியும்வரை சுமை ஏற்றும் சோதனை இதைவிடக் கடினம், ஏனென்றால் ஒரே ஒரு கோலை முறித்துப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. ஒரே கட்டில் வாங்கிய மூங்கில் கழிகள் வெவ்வேறு சுமையில் முறியும். இந்தச் சிதறலுக்கு ஸ்வீடன் பொறியாளர் வலோடி வைபுல் 1939இல் கணிதம் தந்தார். சங்கிலியின் வலிமை அதன் மிக நலிந்த கண்ணியின் வலிமை. கண்ணிகள் கூடக் கூட நலிந்த ஒன்று அகப்படும் வாய்ப்பும் கூடும். நீளமான கோலில் குறைபாடு ஒளிந்திருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது இதன் நேரடி விளைவு. பத்துக் கோலை முறித்து, சராசரியைவிட மிகக் குறைந்த சுமையில் முறிந்தது எது என்று பார்ப்பதே உருப்படியான சோதனை.

உழைப்பைச் சோதிப்பதற்கு ரயிலுக்குப் போக வேண்டும். தென்னிந்தியாவின் முதல் ரயில், 1856 ஜூலை 1 அன்று, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்த நெமிலிச்சேரிப் பாதை வழியாகத்தான். ரயில் அச்சுகள் தாங்கவேண்டிய சுமையைவிடக் குறைவான சுமையிலேயே ஓடி ஓடி முறிவது அக்காலத்தில் உலகெங்கும் புதிராக இருந்தது. பிரஷ்யாவின் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வூலர் அந்தக் காலகட்டத்தில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி வளைக்கும் எந்திரங்களை அமைத்தார். ஒரு முறை தாங்கும் சுமையை லட்சம் முறை தாங்காது என்று எண்களோடு நிறுவினார். ஃப்ளை கோலுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஒரு வீச்சுக்கு முன்னும் பின்னுமாக ஐந்து வளைவு, மணிக்கு அறுபது வீச்சு என்றால் நான்கு மணி நேரத்தில் 1,200 வளைவு. நல்ல வேளையாக ஒவ்வொன்றும் சின்ன வளைவு. பரவலாகப் பயன்படும் 5ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது 9 கிராம் சொச்சம்தான். ஒரு பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே கனம். கார்பன் இழைக் கூட்டுப்பொருள் இத்தகைய சின்ன வளைவுகளைக் கோடிக்கணக்கில் தாங்கும். வீசி வீசியே கோல் முறிந்தது என்று சொன்னால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

காரணம் பெரும்பாலும் ஒரு சிறு அடியாகவே இருக்கும். வீச்சில் குறி தவறிய ஈயக்குண்டு கோலில் டக்கென்று படுகிறது. பைக்கில் கட்டி எடுத்துப்போகும்போது சைலன்சர் கம்பியில் உரசுகிறது. கார்க் கதவு மூடும்போது நுனி நசுங்குகிறது. மேல் பூச்சில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. உள்ளே இழை அடுக்குகள் பிரிந்திருக்கும். சில வாரம் கழித்து ஒரு சாதாரணக் கெண்டையைத் தூக்கும்போது அதே இடத்தில் முறிந்தால், பழி கெண்டையின் மேல் விழுகிறது. பஞ்சை மெல்லக் கோல் நெடுக இழுத்துப் பார்த்தால் பிரிந்த இழை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு துண்டு சேரும் இணைப்பையும் தவறாமல் பார்க்க வேண்டும். முழுதாகச் செருகாத இணைப்பு குழாயின் வாயைப் பிளக்கும்.

மூங்கிலின் எதிரி வேறு. அதிலுள்ள மாவுச்சத்தைத் தேடி வரும் சிறு வண்டு துளைபோட்டு உள்ளே போய்விட்டால், கழியைத் தட்டும்போது மஞ்சள் பொடி கொட்டும். வெட்டிய மூங்கிலைக் குளத்தில் வாரக்கணக்கில் ஊறப்போடும் வழக்கம் அந்த மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றுகிறது. ஈரமும் கணக்கில் வரும்: மழைக்காலத்துக் கழி நனைந்து விறைப்பு குறைந்து நிற்கும், சித்திரையில் காய்ந்து விறைக்கும். ஆகவே மூங்கில் கோலின் நாணய எண்ணிக்கையைக் குறிக்கும்போது மாதத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். கார்பன் கோலுக்கோ, கத்தரி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் கிடப்பதுதான் ஆபத்து. பிசின் இளகினால் இழைகளைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை.

முறிந்த கோலைத் தூக்கி எறியாமல் முறிவிடத்தைப் படிக்கலாம். மூங்கில் நீளமாகச் சிலும்பி, நார் நாராகத் தொங்கினால் நல்ல நார், அளவுக்கு மீறிய சுமை. சிலும்பலே இல்லாமல் குட்டையாக, வெட்டினாற்போல் முறிந்தால் உளுத்த கழி அல்லது தீயில் அதிகம் வாட்டிய கழி. கார்பன் குழாய் நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முறிந்திருந்தால் தலைக்கு மேலே தூக்கிய பழக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். நீளவாக்கில் பல கீற்றாகப் பிளந்திருந்தால் குறுக்குச் சுற்று போதவில்லை. ஒரு பக்கம் மட்டும் நசுங்கிய தடயம் இருந்தால் பழைய அடி.

இந்த ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். நெமிலிச்சேரி வழியாக ஓடும் ரயிலின் மேல்கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். தண்டவாளத்திலிருந்து அதன் உயரம் சுமார் ஐந்தரை மீட்டர். முக்கால் மீட்டருக்கும் மேல் உயர்ந்த நடைமேடையில் நின்று, கையைத் தூக்கி மூன்று மீட்டர் ராடைச் செங்குத்தாகப் பிடித்தால் நுனி அந்தக் கம்பியின் உயரத்தை எட்டிவிடுகிறது. தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயும். நனைந்த மூங்கிலையும் நம்பக் கூடாது. ஏரிக்கரையில் தாழ்வாக ஓடும் மின்கம்பிகளுக்கும் இதுவே பொருந்தும். ஸ்டேஷனுக்குள் நுழையுமுன் ராடைத் துண்டுகளாகக் கழற்றி, உறைக்குள் போட்டு, கிடைமட்டமாக எடுத்துச் செல்ல வேண்டும். கழற்ற முடியாத ஒற்றைக் கழியோடு வருபவர் ரயிலை விட்டுச் சாலை வழியாகப் போவதே சரி.